லேசர்ல அடிச்சதை கையால சுட்டதுன்னு விக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல கல்யாணம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம்னு விசேஷங்களுக்கு என்ன கிஃப்ட் கொடுக்கலாம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, அதுல மரப்பலகைல போட்டோவை சுட்டு வரையற உட் பர்னிங் பத்தியும் ஒரு பத்தி இருந்தது, இந்த வேலையை பத்தி தமிழ் பேப்பர்ல நாலு வரி வந்ததே எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா "கையாலேயே சுட்டு வரைந்தது"ன்னு கீழ எழுதி நீங்க போட்டிருந்த படம் கையால செஞ்சது இல்லங்க, லேசர் மெஷின்ல அடிச்சது. படத்தை உத்து பாத்தாலே தெரியுது, நெத்தி, கன்னம், பின்னாடி இருக்கற சுவரு எல்லாத்து மேலயும் ஒரே இடைவெளில படுக்கை வாட்டத்துல கோடு ஓடுது. யாரோ கடைக்காரங்க சொன்னதை நம்பி போட்டிருப்பீங்க, உங்க மேல தப்பு சொல்ல வரல. ஆனா இது இப்ப எல்லா இடத்துலயும் நடக்குது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் நாகர்கோவில் பக்கம் இருக்கேன், வீட்டுலயே ஆர்டர் எடுத்து பல வருஷமா இந்த வேலை பண்றேன். லேசர் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பெயர்ப்பலகை, கம்பெனி லோகோ, ஒரே டிசைன்ல நூறு கீசெயின் வேணும்னா லேசர்தான் சரி, சுத்தமா வரும், சீக்கிரம் வரும், விலையும் கம்மி. என்கிட்ட அப்படி கேட்டு வர்றவங்களை நானே லேசர் கடைக்கு அனுப்பிடுவேன். கஷ்டம் எங்கன்னா, மெஷின்ல அரை மணி நேரத்துல அடிச்ச பலகையை "ஹேண்ட்மேட்"னு போட்டு விக்கறாங்க பாருங்க, அங்கதான். வாங்கறவங்க ஏமாறறாங்க, நிஜமாவே கையால செய்யற பசங்க பொண்ணுங்க "அங்க 800 ரூபாய்க்கு தர்றாங்களே நீ ஏன் 4,000 கேக்கற"ன்னு கேள்வி வாங்கி வாங்கி வேலையையே விட்டுடறாங்க. எனக்கு தெரிஞ்சே நல்ல கை உள்ள சில பேர் விட்டுட்டாங்க, அது எனக்கு தாங்கவே இல்ல.

கையால சுடறதுன்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். ரெண்டு வகை பேனா இருக்கு. ஒண்ணு சால்டரிங் அயர்ன் மாதிரியே இருக்கும், முனைல பித்தளை டிப்பு மாட்டி அது சூடாக கொஞ்ச நேரம் காத்திருக்கணும், ஆரம்பிக்கறவங்களுக்கு இது போதும், விலை சில நூறு ரூபாய்தான். இன்னொண்ணு நிக்ரோம் கம்பியை வளைச்சு முனையா வச்சது, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியோட வரும், குறைஞ்ச வோல்டேஜ்ல கம்பி வழியா கரண்ட் ஓடி சில வினாடில சூடாகிடும், பெட்டில இருக்கற குமிழை திருப்பி சூட்டை கூட்டி குறைக்கலாம். முகம் வரையறதுக்கு இதுதான் வசதி. சூடு 200 டிகிரி பக்கம் போனாலே மரம் பழுப்பாக ஆரம்பிக்கும், இன்னும் கூட்டினா காப்பிக்கொட்டை நிறம், அதுக்கும் மேல கரி. கலர் மொத்தமும் இந்த பழுப்புலேர்ந்து கருப்பு வரைக்கும்தான், வெள்ளைன்னு தனியா ஒண்ணு கிடையாது, சுடாம விட்ட மரம்தான் வெள்ளை. அதனால கண்ணுக்குள்ள இருக்கற அந்த சின்ன ஒளிப்புள்ளி, மூக்குத்தி மினுக்கு, நரைச்ச முடி இதெல்லாம் முதல்லயே யோசிச்சு விட்டு வைக்கணும். ஒரு தடவை சுட்டா சுட்டதுதான், ரொம்ப லேசா இருந்தா பிளேடு வச்சு சுரண்டி எடுக்கலாம், ஆழமா போச்சுன்னா அந்த பலகை போச்சு.

சூடு மட்டும் இல்ல, கை போற வேகமும் சேர்ந்துதான் நிறம் வரும். அதே சூட்டுல வேகமா இழுத்தா வெளிர் பழுப்பு, மெதுவா இழுத்தா கருப்பு, நின்னா புள்ளி விழுந்துடும். அழுத்தவே கூடாது, பேனா மரத்து மேல தொட்டும் தொடாம போகணும். ஒரு கன்னத்துல நிழல் கொண்டு வரணும்னா குறைஞ்ச சூட்டுல சின்ன சின்ன வட்டமா அதே இடத்துல திரும்ப திரும்ப போய் ஒவ்வொரு படலமா ஏத்தணும், அவசரப்பட்டா அந்த இடம் காயம் பட்ட மாதிரி ஆகிடும். நல்லா பண்ணணும்னா ஒரு முகத்துக்கே நாள் கணக்கா உக்காரணும், அதுக்குதான் அந்த விலை. பூதக்கண்ணாடி வச்சு வெயிலை குவிச்சு சுடறவங்களும் இருக்காங்க, அதுக்கு இன்னும் பொறுமை வேணும்.

இது ஏதோ வெளிநாட்டுல இருந்து புதுசா வந்த ஃபேஷன்னு உங்க கட்டுரைல ஒரு தொனி இருந்தது. அப்படி இல்லங்க. சத்தீஸ்கர் பஸ்தர் பக்கம் பழங்குடி மக்கள் காய்ஞ்ச சுரைக்குடுக்கைல பழுக்க காய்ச்சின இரும்பை வச்சு கோலம் கோலமா சுடறாங்க, முன்னாடி தண்ணி எடுத்துட்டு போற குடுக்கை, இப்ப விளக்குக்கு மூடியா செஞ்சு விக்கறாங்க. அதே ஊர்ல மூங்கில்ல புல்லாங்குழல் செஞ்சு அது மேலயும் சூட்டுக்கோலால டிசைன் போடுவாங்க, அந்த குழலை வாய்ல வச்சு ஊதறது இல்ல, கைல பிடிச்சு வீசினாலே சத்தம் வரும். பெரு நாட்டுல கோச்சாஸ்ங்கற ஊர்ல சுரைக்குடுக்கைல செதுக்கி சுட்டு கதை கதையா படம் போடறாங்க. சீனாலயும் கொரியாலயும் இது பழைய கலை. நம்ம ஊர்ல இப்ப பண்றவங்க முக்கால்வாசி பேர் வீடியோ பாத்து கத்துக்கிட்டவங்கதான், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஆனா கலைக்கு வயசு ஜாஸ்தி.

இப்ப மரத்துக்கு வரேன், இதை பத்தி பேசினா எனக்கு நிறுத்தவே மனசு வராது. வெளிநாட்டுல பாஸ்வுட், பிர்ச்னு சொல்வாங்க, நிறம் வெளுப்பா, ரேகை தெரியாம மெத்துனு இருக்கும். நம்ம பக்கம் அதை வாங்கணும்னா இறக்குமதிதான், காசு ஜாஸ்தி. அதுக்காக அலைய வேண்டியதே இல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம், பால் குறைஞ்சு போன மரத்தை 25, 30 வருஷத்துல வெட்டி புதுசு வைப்பாங்க. அந்த மரம் நல்ல வெளுப்பு, சூடு சீரா ஏறும். ஆனா வெட்டின உடனே மருந்து ஏத்தலைன்னா பூஞ்சை பிடிச்சு நீலம் பாய்ஞ்சிடும், வண்டும் அரிக்கும், அதனால போராக்ஸ், போரிக் ஆசிட் ஏத்தி காய வச்சுதான் விப்பாங்க, அப்படி பதப்படுத்தினதான்னு கேட்டு வாங்கணும். துண்டு துண்டா பல்லு பல்லா சேத்து ஒட்டின பலகையா வர்றதும் உண்டு, அதுல முகம் வரைஞ்சா ஒரு கன்னம் ஒரு நிறம் இன்னொரு கன்னம் ஒரு நிறம்னு ஆகிடும், பெயர்ப்பலகைக்கு வேணா பரவால்ல.

குமிழ் மரம் ரொம்ப நல்லது, தமிழ்நாட்டுல நிறைய பேர் தோட்டத்துல வச்சிருக்காங்க, மரக்கடைல கேட்டா கிடைக்கும், பேனா வழுக்கிட்டு போகும். வெப்பாலை மரம் கிடைச்சா விடாதீங்க, தந்தம் மாதிரி வெள்ளை, மரப்பொம்மை செய்யறவங்க காலகாலமா அதைத்தான் தேடுவாங்க, ஆனா பெரிய அகலத்துல கிடைக்காது. தேக்குல சுட்டு தாங்கன்னு நிறைய பேர் கேக்கறாங்க, தேக்குன்னா உசத்தின்னு ஒரு நினைப்பு. தேக்கு கதவுக்கு உசத்தி, இதுக்கு இல்ல. மரமே பழுப்பு, அது மேல பழுப்புல வரைஞ்சா என்ன தெரியும், அதோட அதுல எண்ணெய்ப்பசை இருக்கு, சுடும்போது புகை ஜாஸ்தி. எழுத்து மட்டும் ஆழமா சுடறதுன்னா தேக்குல பண்ணலாம். பைன் மரத்துல கடினமான ரேகையும் மெத்து ரேகையும் மாத்தி மாத்தி வரும், பேனா ஒவ்வொரு ரேகைலயும் தடுக்கும், அதுக்கு மேல பிசின் வேற.

எந்த மரமா இருந்தாலும் நல்லா காய்ஞ்சிருக்கணும். பச்சை மரத்துல பேனா சூடு ஈரத்தை ஆவியாக்கறதுலயே போயிடும், நிறம் ஏறாது, அப்புறம் பலகை வளையும். இப்ப பட்டையோட வட்டமா வெட்டின மரத்துண்டுல வரையறது ரொம்ப பிரபலம், அழகாதான் இருக்கும், ஆனா ஒரு விஷயம் வாங்கறவங்களுக்கு யாரும் சொல்றது இல்ல. மரம் காயும்போது வளையத்தோட சுத்து வாட்டத்துல சுருங்கற அளவு, நடுவுலேர்ந்து வெளிப்பக்கம் போற வாட்டத்துல சுருங்கறதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனாலதான் வட்டத்துண்டு ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் ஆப்பு வடிவத்துல வெடிக்குது. அது செஞ்சவங்க தப்பும் இல்ல வச்சிருந்தவங்க தப்பும் இல்ல, மரத்தோட குணம். வெடிக்கற வரைக்கும் காய வச்சு, வெடிச்ச பிறகு அந்த வெடிப்பை ஒதுக்கி வரைஞ்சு தர்றவங்ககிட்ட வாங்குங்க, இல்ல வெடிப்பே வரக்கூடாதுன்னா நீளவாட்டத்துல அறுத்த பலகையா கேளுங்க.

சரி, லேசரா கையான்னு எப்படி கண்டுபிடிக்கறது. ஒரு பூதக்கண்ணாடி போதும், இல்ல மொபைல் கேமராவை கிட்ட கொண்டு போய் பெருசு பண்ணி பாருங்க. லேசர் மெஷின் படத்தை ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரம் வரைக்கும் வரி வரியா போய் சுடும், அதனால வரிவரியா கோடோ இல்ல புள்ளி புள்ளியாவோ தெரியும், அந்த கோடு கண்ணுல ஆரம்பிச்சு புருவம், முடி, பின்னாடி இருக்கற மரம், வானம்னு எதையும் பாக்காம ஒரே திசைல போகும். கையால செஞ்சதுல கோடு உருவத்தோட போகும், கன்னத்துல வளையும், முடில முடி போற பக்கம் போகும், சேலை மடிப்புல மடிப்போட இறங்கும். டார்ச்சை பக்கவாட்டுல பிடிச்சு சாய்ச்சு பாருங்க, லேசர்ல பள்ளமெல்லாம் ஒரே கணக்கா இருக்கும், கைல ஒரு இடம் ஆழம் ஒரு இடம் மேலாப்பல. பேனாவை வச்ச இடத்துலயும் எடுத்த இடத்துலயும் கொஞ்சம் கருப்பு கூடி இருக்கும், எவ்ளோ நல்ல கையா இருந்தாலும் எங்கயாவது ஒரு இடத்துல அது தெரியும். மரத்தோட கடின ரேகையை தாண்டற இடத்துல கோடு லேசா மெலிஞ்சு திரும்ப தடிக்கும். அப்புறம் கடைல அதே படத்துல இன்னொண்ணு இருக்கான்னு கேளுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சா முடி ஒண்ணு கூட மாறாம இருந்தா அது மெஷின்தான், ஒரே ஆள் ஒரே போட்டோவை ரெண்டு தடவை சுட்டா ரெண்டும் ஒண்ணா வரவே வராது. ஆன்லைன்ல வாங்கறீங்கன்னா பாதி முடிஞ்ச நிலைல உங்க பலகையோட போட்டோ ஒண்ணு அனுப்ப சொல்லுங்க, கையால செய்யறவங்க சந்தோஷமா அனுப்புவாங்க, நாங்களே அனுப்பணும்னு துடிச்சுட்டுதான் இருப்போம்.

இன்னொரு கலப்படமும் நடக்குது, லேசர்ல லேசா அடிச்சுட்டு மேல நாலு இடத்துல பேனாவால கருப்பு ஏத்தி கையால செஞ்சதுன்னு கொடுக்கறது. அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை சொல்லி விக்கணும்.

ஆர்டர் கொடுக்கறவங்களுக்கு ஒரு சில வார்த்தை. போட்டோ நல்லா இருந்தாதான் படம் நல்லா வரும், வாட்ஸ்அப்ல பத்து பேர் ஃபார்வேர்ட் பண்ணி மங்கிப் போன போட்டோல கண்ணு எங்க இருக்குன்னே தெரியாது, ஒரிஜினல் ஃபைலை டாகுமென்ட்டா அனுப்புங்க. நேரா ஃபிளாஷ் அடிச்ச போட்டோல முகம் தட்டையா இருக்கும், ஜன்னல் பக்கம் நின்னு ஒரு பக்கம் நிழல் விழற மாதிரி எடுத்தது சிறப்பு. இறந்து போன பெரியவங்க போட்டோதான் எங்ககிட்ட நிறைய வரும், பழைய ஸ்டுடியோ கருப்பு வெள்ளை படம், அது இதுக்குன்னே எடுத்த மாதிரி வரும், அந்த காலத்து போட்டோகிராபர்களோட லைட்டிங் அப்படி. சின்ன பலகைல குடும்பம் மொத்தமும் வேணும்னு கேக்காதீங்க, முகம் ஒரு ரூபா நாணயம் அளவுக்கு வந்தா ஜாடை பிடிக்கறது ரொம்ப கஷ்டம். மூணு நாள்ல வேணும்னு கேக்கறவங்களுக்கு லேசர்தான் வழி. எந்த மரம், மேல என்ன பூச்சு அடிப்பீங்க, பின்பக்கமும் அடிப்பீங்களான்னு மூணு கேள்வி கேளுங்க. பின்பக்கம் பூச்சு இல்லாத பலகை ஒரு பக்கம் மட்டும் ஈரம் உறிஞ்சி வளைஞ்சுடும்.

கத்துக்க ஆசைப்படற சின்ன பசங்களுக்காக இதை கண்டிப்பா சொல்லணும், உங்க கட்டுரைல இது ஒரு வரி கூட இல்ல. ஃபர்னிச்சர் கடைல கழிச்சுப் போட்ட எம்டிஎஃப் (மரத்தூளை பசை போட்டு அழுத்தின பலகை), பிளைவுட் துண்டுல சுடாதீங்க, அதுல இருக்கற பசை சூட்டுல ஃபார்மால்டிஹைடு மாதிரி வாயுவை விடும். பெயின்ட், வார்னிஷ் அடிச்ச பழைய மரமும் வேண்டாம், கலர் கொடுக்கணும்னா முதல்ல சுட்டு முடிச்சுட்டு அப்புறம் கலர் தீட்டணும். கரையான் பிடிக்காம இருக்க மருந்து ஏத்தி பச்சை சாயல்ல வர்ற மரத்துல காப்பர், குரோமியம், ஆர்சனிக் இருக்கலாம், அதை சுட்டு அந்த புகையை மூச்சுல இழுக்கறது விஷம்தான். துறைமுகப் பக்கம் சரக்கு அடுக்கற பழைய பேலட் பலகை மலிவா கிடைக்கும், அதுல ஒரு முத்திரை இருக்கும், ஹெச்டின்னு இருந்தா சூட்டுல பதப்படுத்தினது, எம்பின்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கற பூச்சிக்கொல்லி விஷப்புகை போட்டது, அந்த எம்பி பலகையை தொடவே வேண்டாம். ஈயம் வச்சு பத்த வைக்க பயன்படுத்தின பழைய சால்டரிங் டிப்பையும் இதுக்கு எடுக்காதீங்க, புது டிப்பு வாங்கிக்குங்க. சுத்தமான மரமா இருந்தாலும் புகை புகைதான். ஜன்னலை திறந்து வச்சு ஒரு சின்ன ஃபேனை புகையை வெளிய இழுக்கற மாதிரி திருப்பி வைங்க, பேனா மேல காத்து அடிச்சா முனை ஆறிடும். என்95 மாஸ்க் துகளை தடுக்கும், வாயுவை தடுக்காது, அதனால மாஸ்க் போட்டுட்டேன்னு மூடின ரூம்ல உக்காராதீங்க.

இதை விட பயங்கரம் ஒண்ணு இருக்கு. மரத்து மேல உப்புத்தண்ணியோ சோடா தண்ணியோ தடவி பழைய மைக்ரோவேவ் அவன்லேர்ந்து கழட்டின டிரான்ஸ்ஃபார்மரை வச்சு கரண்ட் பாய்ச்சினா மின்னல் கிளை கிளையா பிரியற மாதிரி டிசைன் வரும், வீடியோ பாக்க பிரமாதமா இருக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட் பக்கம் கொடுக்கும், வீட்டு ட்ரிப்பர் அதுல காப்பாத்தும்னு நம்ப முடியாது. அமெரிக்கால இதை பண்ணி நிறைய பேர் செத்துப் போயிருக்காங்க, அங்க மரம் கடையறவங்க சங்கமான அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் உட்டர்னர்ஸ் அவங்க நிகழ்ச்சிகள்ல இதை செஞ்சு காட்டவே தடை போட்டிருக்காங்க. பேனாவால சுடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பசங்க ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு இறங்கிடறாங்க. உங்க பேப்பர்ல இதை மட்டுமாவது தனியா ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க, கெஞ்சி கேக்கறேன்.

இனி வாங்கின பலகையை எப்படி வச்சுக்கறது. என்கிட்ட வாங்கினவங்க போன் பண்ணி அதிகம் கேக்கறது இதைத்தான். முதல் எதிரி வெயில். நல்லா கருகின கருப்பு அப்படியே இருக்கும், ஆனா வெளிர் பழுப்புல போட்ட நிழல் வெயில் பட பட மங்கும், அதே நேரம் சுடாம விட்ட வெள்ளை மரம் மஞ்சளாகி கருக்கும், வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிர் மரத்துல நாரை ஒட்டிப் பிடிச்சிருக்கற லிக்னின்ங்கற பொருளை சிதைக்கறதால வர்றது. ரெண்டும் சேர்ந்து கொஞ்ச வருஷத்துல முகத்துல இருந்த மென்மை போயி கண்ணும் மீசையும் மட்டும் மிஞ்சும். அதனால ஜன்னலுக்கு எதிர் சுவர்ல மாட்டாதீங்க, வாசல்ல மாட்டற பெயர்ப்பலகைக்கு ஆழமா கருப்பா சுட்ட எழுத்து போதும், முகமெல்லாம் வேண்டாம். புற ஊதாக்கதிரை தடுக்கற பூச்சு இருக்கு, அது தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது.

ரெண்டாவது, ஈரம். எங்க மாவட்டத்துல தென்மேற்கு பருவமழையும் உண்டு வடகிழக்கும் உண்டு, வருஷத்துல பாதி நாள் சுவர் ஜில்லுனு இருக்கும். வெளிச்சுவர்ல ஒட்டி மாட்டினா பலகைக்கு பின்னாடி பூஞ்சை பிடிக்கும். பலகையோட பின்பக்கம் நாலு மூலைலயும் சின்ன ரப்பர் புஷ் ஒட்டி சுவருக்கும் அதுக்கும் நடுவுல காத்து போற மாதிரி மாட்டுங்க. அதுக்காக ஏசி காத்து நேரா அடிக்கற இடத்துலயும் வேண்டாம், சட்டுனு காய்ஞ்சா வெடிக்கும்.

மூணாவது நம்ம வீட்டு பழக்கம். பெரியவங்க படம்னா பூஜை ரூம்ல மாட்டி முன்னாடி விளக்கு ஏத்தறது, ஊதுபத்தி, சாம்பிராணி, எல்லாம் வேணும்தான், யாரும் விடச் சொல்லல. விளக்கை படத்துக்கு நேர் கீழ வைக்காம தள்ளி வைங்க, புகைக்கரி படிஞ்சா அதை துடைக்கும்போது வெள்ளை மரத்துல தேய்ஞ்சு அழுக்காகிடும். சந்தனம் குங்குமம் நேரா மரத்துல வைக்காதீங்க, குங்குமச் சாயம் மரத்துக்குள்ள இறங்கினா எடுக்கவே முடியாது, ஃபிரேம்ல வைங்க, இல்ல கண்ணாடி போட்ட ஃபிரேமா செஞ்சு வாங்குங்க. பூ மாலையும் ஈரத்தோட படத்து மேல படுத்துட்டு இருக்கக் கூடாது.

துடைக்கறதுக்கு காய்ஞ்ச மெத்துனு பருத்தித்துணி, இல்ல புது பெயின்ட் பிரஷ், அவ்ளோதான். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கற ஸ்ப்ரே, சோப்பு எதுவும் வேண்டாம். பளபளப்பு குறைஞ்சுடுச்சுன்னு நல்லெண்ணெய் தடவறவங்க நிறைய பேர் இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அது சரியா காயாது, பிசுபிசுன்னு நின்னு தூசியை எல்லாம் பிடிச்சு வச்சுக்கும், நாள் ஆனா சிக்கு வாடையும் வரும். மேல வார்னிஷோ லாக்கரோ அடிச்ச பலகைக்கு எண்ணெய் தேவையே இல்ல. எண்ணெய்ப் பூச்சு மட்டும் கொடுத்த பலகைன்னா செஞ்சவங்ககிட்டயே கேட்டு அதே எண்ணெயை வருஷத்துக்கு ஒரு தடவை மெல்லிசா பூசலாம். லின்சீட் ஆயில்னா (ஆளிவிதை எண்ணெய்) துடைச்ச துணியை சுருட்டி மூலைல போடாதீங்க, அது தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காய வச்சுட்டு தூக்கி போடுங்க. கரண்டி, காய்கறி வெட்டற பலகைல பேர் சுட்டு வாங்கறவங்க கைப்பிடில, ஓரத்துல சுட சொல்லுங்க, கத்தி படற இடத்துல வேண்டாம், அதுக்கு வார்னிஷும் வேண்டாம், சாப்பாட்டுக்கு உகந்த மினரல் ஆயிலும் தேன்மெழுகும் போதும், தண்ணில ஊற வைக்காம கழுவின உடனே துடைச்சு நிறுத்தி வைங்க.

பலகைக்கு கீழ மாவு மாதிரி தூள் விழுந்திருந்தா மரம் உளுக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். உடனே மத்த மரச்சாமான்கிட்ட இருந்து தள்ளி வைங்க. மியூசியங்கள்ல பொருளை பாலிதீன்ல காத்து போகாம சுத்தி மைனஸ் 20 டிகிரி பக்கம் ஒரு வாரம் ரெண்டு வாரம் வச்சு பூச்சியை கொல்லுவாங்க, சின்ன பலகைன்னா வீட்டு ஃப்ரீசர்லயே செய்யலாம், வெளிய எடுத்ததும் பிரிக்காம ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் கவரோடயே விட்டுடணும், இல்லைன்னா மேல தண்ணி கோத்துக்கும். பூச்சி மருந்தை நேரா முகத்து மேல அடிச்சுடாதீங்க, பூச்சு கரைஞ்சு போகும்.

ஒரு பலகை இப்படி எல்லாம் பாத்து வச்சா பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும். அவ்ளோ காலம் இருக்கப் போற ஒரு பொருளை என்னன்னு சொல்லியே விக்கலாமே. பட்டுக்கு 2004லேர்ந்து சில்க் மார்க் இருக்கு, கைத்தறிக்கு 2006லேர்ந்து ஹேண்ட்லூம் மார்க் இருக்கு, பவர்லூம் சேலையை கைத்தறின்னு விக்கறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சது, அதுக்காக அந்த ஊர் ஆசாரிமாரை எவ்ளோ பாராட்டினாலும் தகும். உட் பர்னிங்குக்கு ஊரும் கிடையாது சங்கமும் கிடையாது, ஆங்காங்கே வீட்டுல உக்காந்து செய்யறவங்கதான், முக்கால்வாசி பேர் வேற வேலை முடிச்சுட்டு ராத்திரி செய்யறவங்க, அவங்களுக்காக யார் பேசறது. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல பொருளை பத்தி பொய்யா விவரிச்சு விளம்பரம் பண்றது குத்தம்னு தெளிவா இருக்கு, 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட வழி இருக்கு, ஆனா 2,000 ரூபா பலகைக்காக யாரும் புகார் கொடுக்க போறது இல்ல. அதனால விக்கறவங்ககிட்டயே கேக்கறேன், பலகைக்கு பின்னாடி ரெண்டு வரி எழுதுங்க, லேசரா கையா, என்ன மரம், என்ன பூச்சு, எந்த வருஷம்னு. பூம்புகார் மாதிரி அரசு கடைகள்ல இந்த மாதிரி பொருள் வாங்கி வச்சா அதை கேட்டு எழுதி வாங்கிட்டுதான் அடுக்கணும்னு ஒரு வழக்கம் கொண்டு வந்தா தனியார் கடையும் தானா பின்னால வரும்.

உங்ககிட்ட கேக்கறது ரெண்டே விஷயம். அந்த படத்துக்கு கீழ போட்ட வரியை அடுத்த வாரம் திருத்தி "லேசரில் பொறித்தது"ன்னு போடுங்க, படம் கொடுத்த கடை பேரை சொல்லணும்னு இல்ல. அப்புறம் முடிஞ்சா ஒரு நிருபரை அனுப்புங்க, எங்க வீட்டுக்குதான்னு இல்ல, உங்க ஊர்லயே பேனா பிடிச்சு சுடறவங்க இருப்பாங்க, ஒரு முகம் கண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு முடியற வரைக்கும் பக்கத்துல இருந்து பாத்து எழுத சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்.